நான் விர்ஜினியாவில் தோன்றிய பின்னேரம்

இந்த ஊரில் 'இல்லை' என்று சொல்ல வாய் திறக்கத் தேவையில்லை. நாடியைக் கொஞ்சம் மேலே தூக்கி, நாக்கால் 'ட்ஸ்' என்று ஒரு சத்தம் போட்டால் காரியம் முடிந்தது. இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவுக்கு வந்த முதல் வருடம் எனக்கு அது தெரியாது. நான் வேலை செய்யும் வீட்டு சின்யோராவிடம் யன்னல் சீலைகளைக் கழற்றித் தோய்க்கட்டோ என்று கேட்பேன். அவ நாடியைத் தூக்குவா. எங்கள் ஆட்கள் நாடியைத் தூக்கினால் 'என்ன?' என்றுதானே அர்த்தம். காது கேட்கவில்லையாக்கும் என்று இன்னும் உரத்துக் கேட்பேன். திரும்பவும் நாடி மேலே போகும். மூன்றாம் தரம் அவ கத்துவா. என் பக்கத்திலும் பிழை இருந்தது. அவ ஒரு வேலை சொன்னால் நான் எங்கள் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டுவேன். அது அவவின் கண்ணுக்கு 'பார்ப்போம், செய்தாலும் செய்வேன், விட்டாலும் விடுவேன்' என்பது போலத் தெரிந்திருக்கிறது. ஒரு வருடமாக என்னைப் பெரிய திமிர் பிடித்தவன் என்று நினைத்திருந்ததாகப் பிறகு அவவே சொல்லிச் சிரித்தா. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் கால் வைத்தால், சுளுக்குக்குப் பத்துப் போட்டவன் மாதிரிக் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஓம் என்பதை 'ஸீ, சின்யோரா' என்று வாயால்தான் சொல்வேன்.

இது நடந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் என் வீட்டுக்கு வந்து சாரத்தைக் கட்டியவுடன் கழுத்து தன்பாட்டுக்கு இளகிவிடும். அந்த இளகின கழுத்தால் என் தம்பியின் கடைசிக் காரியம் கெடப் பார்த்தது. அதைத்தான் எழுதப்போகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு புதினச் செய்தியாக இருக்கலாம். வெளியில் இருக்கிறவர்களுக்கு ஒருநாள் தேவைப்படலாம். தேவைப்படக் கூடாது என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பியின் பெயர் நேசன். அமெரிக்காவில் ஒஹையோ என்ற மாநிலத்தில் இருந்தான். மாசி மாதம் ஒருநாள் பின்னேரம் நான் பல்லரோ சந்தையில் சாளை மீன் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், ஃபோன் அடித்தது. குகன். தம்பியோடு ஒரே வீட்டில் அறை எடுத்திருந்த யாழ்ப்பாணத்து ஆள்.

"அண்ணை, நிக்கிறியளோ, இருக்கிறியளோ?"

"நிக்கிறன். சந்தையிலை."

"எங்கையாவது ஒருக்கா இருங்கோ அண்ணை."

இருக்க அங்கே இடமில்லை. சொல்லு என்றேன். சொன்னான். காலையில் வேலைக்குப் போகக் காரில் ஏறினவன் காரை எடுக்கவே இல்லையாம். நெஞ்சுதானாம். அரைமணித்தியாலம் கழித்துத்தான் ஆட்கள் கண்டார்களாம். மீன்காரன் பையை நீட்டி, பார்ஸ்லி வேண்டுமா என்று கேட்டான். ஸீ, கிராட்ஸியே என்றேன். அவன் ஒரு கொத்தைப் பிய்த்து மேலே வைத்தான். வீட்டுக்கு வந்து மீனை வெட்டிக் கழுவி உப்பும் மஞ்சளும் போட்டு வைத்த பிறகுதான் மனைவி றெஜினாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு மீனைப் பார்த்தாள்.

"இதை வைச்சுக்கொண்டோ இவ்வளவு நேரமும் மீன் வெட்டினியள்?"

"வெட்டாட்டி நாறிப்போடும்."

எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, இதை எழுதும் இன்றைக்கும் வரவில்லை. பயம்தான் வந்தது. எனக்கு எது வந்தாலும் பயமாகத்தான் வரும். காஸைப் பூட்டினேனோ என்று படிக்கட்டில் பாதி இறங்கித் திரும்ப ஏறிப்போய்ப் பார்க்கிறவன் நான். குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் இருந்து கடிதம் வந்தால், உடைக்க முதலே இங்கே இருக்கத் தந்த பெர்மெஸ்ஸோவைப் பறிக்கப்போகிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவேன். இப்போது என்ன பேப்பர் கேட்கப் போகிறார்களோ என்பதுதான் என் மனதில் முதலில் ஓடியது. தம்பி போய்விட்டான் என்பது அதற்குப் பின்னால் எங்கேயோ வரிசையில் நின்றது.

பேப்பர் கேட்டார்கள். குகன் அடுத்த நாள் விளக்கமாகச் சொன்னான். நேசன் கலியாணம் கட்டவில்லை. அப்பாவும் அம்மாவும் இல்லை. ஆகவே அவனுடைய உடலை என்ன செய்வது என்று சொல்லும் உரிமை உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான். நான் கையொப்பம் வைக்காமல் மரணச் சடங்கு நிலையம் அவனைத் தொடாது. நாட்கள் போனால், கேட்க ஆளில்லாத பிரேதம் என்று அரசாங்கம் எடுத்துத் தன் பாட்டில் ஏதாவது செய்துவிடும்.

"அண்ணை, எங்கடை ஆக்களெண்டால் எரிக்கிறதுதான் வழக்கம். நீங்கள் வேதக்காரர். நான் ஒண்டும் சொல்லேலாது," என்றான் குகன். "ஆனா ஒண்டு. உடம்பை ஊருக்கு அனுப்பினா அங்கை ஆர் பொறுப்பெடுக்கிறது?"

ஒருவரும் இல்லை. ஊரில், பேசாலையில், எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. இங்கே தமிழ்ப் பூசை வைக்கும் ஃபாதரிடம் கேட்டேன். எரிப்பதைத் திருச்சபை தடுக்கவில்லை, சாம்பலைப் பிரித்துக் கொடுக்காமல், வீசாமல், மந்திரித்த மண்ணில் வைத்தால் சரி என்றார். அம்மாவைச் சேமக்காலையில் வைத்தபோது பக்கத்தில் கொஞ்ச இடம் விட்டதாக ஃபோனில் சொல்லியிருந்தார்கள். அந்த இடம் ஞாபகம் வந்தது. சரி, எரிக்கட்டும் என்றேன். சீலை தோய்க்கட்டும் என்று சொன்ன மாதிரித்தான் சொன்னேன்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து இருபத்தைந்து வருடம். அவன் அகதி வழக்குப் போட்டு முடிவு வராமல் இருந்தான். நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். நான் இத்தாலியப் பிரஜாவுரிமைக்கு மொழிச் சோதனை எழுத வேண்டும் என்ற பயத்தில் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இருக்கிறவன். அவனைப் பார்க்க இரண்டு தரம் விசாவுக்குப் போட்டேன். துறைமுகத்தில் கப்பல் ஏறி நேப்பிள்ஸில் இருக்கும் அமெரிக்கத் தூதரக அலுவலகத்துக்குப் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, கேட்ட இரண்டு கேள்விக்கும் தலையை ஆட்டி, பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த கப்பலில் வந்தேன். இரண்டாம் தரம் அந்த அலுவலர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. நேசன் ஃபோனில் சிரித்தான். "அண்ணா, என்னை வெளியிலை விடமாட்டாங்கள், உன்னை உள்ளுக்கை விடமாட்டாங்கள். ரெண்டு பேருக்கும் ஒரே கதவுதான்."

அந்தக் கையொப்பம் சும்மா கையொப்பமாக இருக்க ஏலாது, நொத்தாரிசு ஒருவர் முன்னால் வைக்க வேண்டும் என்றார்கள். ஊரில் நொத்தாரிசு என்றால் காணி உறுதி எழுதுகிற பெரிய மனிதர். அப்பா அவர் வீட்டுக்குப் போகும் நாளில் பெட்டியில் இருந்து வேட்டி எடுப்பார். இங்கே நொத்தாயோ என்றால் அதைவிடப் பெரிய ஆள். வாசலில் பித்தளைப் பலகை, உள்ளே ஆள் உயரத்துக்குப் புத்தக அலுமாரி, எழுதினதை முதலிலிருந்து கடைசி வரை உரத்து வாசித்துவிட்டுத்தான் பேனையைத் தருவார். சின்யோரா தன் அக்காவின் வீட்டை விற்ற நாளில் நான் அவவைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாசித்து முடிக்க அவ நித்திரையாகிவிட்டா. இப்படி ஒருவரைப் பிடித்து, அதை மொழிபெயர்த்து, அமெரிக்காவுக்கு அனுப்பி முடியக் கிழமைக்கணக்கில் ஆகும். குகன் சொன்னான், "அண்ணை, அமெரிக்காவிலை நோட்டரி எண்டால் அப்பிடி இல்லை. பாங்க்கிலையும் இருப்பினம், பார்சல் கடையிலையும் இருப்பினம். என்ன எழுதியிருக்கெண்டு அவைக்குக் கவலையில்லை. கையெழுத்து வைக்கிறது நீங்கள்தானோ, விரும்பித்தான் வைக்கிறியளோ, அதைப் பாத்துச் சாட்சி சொல்றதுதான் வேலை. இப்ப அதையும் கம்ப்யூட்டரிலை செய்யலாம்."

அவன் பிடித்துத் தந்த ஆள் விர்ஜினியா மாநிலத்தில் ஒரு பெண்மணி. தம்பியின் உடல் ஒஹையோவில். நான் பலேர்மோவில். இது எப்படிச் செல்லும் என்று கேட்டேன். நீங்களும் கேட்பீர்கள், ஆகவே அவன் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன். அந்த அம்மாவுக்கு முத்திரை கொடுத்தது விர்ஜினியா. ஆகவே அவ அந்த நேரத்தில் விர்ஜினியா மண்ணில் இருக்க வேண்டும். கையொப்பம் வைக்கிறவன் எங்கே இருந்தாலும் சரி, ஆனால் வெளிநாட்டில் இருந்தால் விஷயம் அமெரிக்காவோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். ஒரு மாநிலத்தின் முத்திரையை இன்னொரு மாநிலம் பொதுவாகத் தள்ளாது, ஆகவே ஒஹையோ அதை ஏற்கும். படமும் சத்தமுமாக எல்லாவற்றையும் பதிந்து வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள்.

"அவ தற்செயலா எல்லை தாண்டி அங்காலை நிண்டா?" என்றேன்.

"அண்ணை, அவ தன்ரை வீட்டிலை இருப்பா."

"வீடு எல்லையிலை இருந்தா?"

"நேசன் உங்களைப் பற்றிச் சொல்றவன்," என்றான்.

முதலில் ஆளை அடையாளம் காட்ட வேண்டும். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். முகத்தை ஃபோனுக்கு முன்னால் வைத்து இடப்பக்கம் திருப்பு, வலப்பக்கம் திருப்பு என்றது. திருப்பினேன். வழக்கமாக இதோடு சில கேள்விகளும் கேட்பார்களாம். முன்பு எந்த வீதியில் இருந்தாய், எந்த வருடம் கார் வாங்கினாய் என்று, அமெரிக்கப் பதிவுகளில் இருந்து எடுத்துக் கேட்பது. எனக்கு அது வரவில்லை. என்னைப் பற்றி அமெரிக்காவிடம் கேட்க ஒரு கேள்வியும் இல்லை.

சொன்ன நாள் பின்னேரம் நாலு மணி. அங்கே காலை பத்து. எங்கள் வீடு போர்கோ வெக்கியோவில் இரண்டாம் மாடி, கீழே சந்தை. யன்னலைச் சாத்தியும், கத்தரிக்காய்க்காரன் கத்துவது உள்ளே வந்தது. நெஞ்சு வரைக்கும்தான் தெரியும் என்று றெஜினா சொன்னதால் பூசைக்குப் போடும் வெள்ளைச் சேட்டை மேலே போட்டேன். கீழே சாரம்தான். அவள் கமராவுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தாள். என்னைவிட அவள் இரண்டு வகுப்புக் கூடப் படித்தவள்.

திரையில் அந்த அம்மா வந்தா. என் வயதுதான் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தா. பின்னால் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் அதில் காந்தத்தால் ஒட்டின பிள்ளைகளின் படங்களும். நொத்தாரிசு குசினிக்குள் இருக்கிறா. அவ முதலில் சொன்னது, ஐயாம் சொறி ஃபோர் யுவர் லொஸ். லொஸ் என்றால் எனக்குத் தெரிந்தது நட்டம்தான். ஏதோ வியாபார நட்டத்துக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிப் பட்டது. "நோ புரொப்ளம்" என்றேன். அவ ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினா. தான் இப்போது விர்ஜினியாவில் இருக்கிறேன் என்றா. நீங்கள் எங்கே என்று கேட்டா. பலேர்மோ என்றேன். எழுதினா. இந்தப் பேப்பர் என்னவென்று தெரியுமா என்று கேட்டா. மை பிரதர் என்றேன். சரி என்றா. இதை நீங்கள் உங்கள் விருப்பத்தோடு செய்கிறீர்களா என்று கேட்டா. அது எனக்கு விளங்கியது. விளங்கின சந்தோசத்தில் கழுத்து இளகிவிட்டது. தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, "ஓம்" என்றேன்.

அவவுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒருவன் தலையை இல்லை என்பது போல ஆட்டுகிறான். 'ம்ம்' என்று இழுக்கிறான். அவ திரும்பக் கேட்டா. நானும் திரும்ப, இன்னும் நன்றாகத் தலையை ஆட்டி, "ஓம், ஓம்" என்றேன். பின்னாலிருந்து றெஜினா பல்லைக் கடித்துக்கொண்டு, "யெஸ் எண்டு சொல்லுங்கோ! யெஸ் எண்டு!" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த அம்மா நிமிர்ந்து இருந்தா. அறையில் வேறு யாரும் இருக்கிறார்களா, யார் அது, உங்களுக்கு என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டா. வைஃப், வைஃப் என்றேன். அவ குரலை மெல்லமாக்கி, ஒவ்வொரு சொல்லாக விட்டுக் கேட்டா:

"சேர், ஆர் யு அண்டர் டுரெஸ்?"

எனக்குக் கேட்டது அண்டர் ட்ரெஸ். கீழே என்ன உடுப்பு என்று கேட்கிறா. எப்படிக் கண்டுபிடித்தாவோ தெரியவில்லை. சட்ட அலுவலுக்குச் சாரத்தோடு இருந்தது பிழைதான். பொய் சொன்னால் பதிவில் நிற்கும். முகமெல்லாம் சூடாகி, கழுத்தை விறைப்பாக்கி, இந்தத் தரம் வாயால் தெளிவாகச் சொன்னேன்:

"யெஸ், மேடம். சொறி."

அவ இரண்டு கையையும் மேசையில் வைத்தா. இத்தோடு நிறுத்துகிறேன் என்றா. உங்களுக்கு உதவி தேவையா, யாரையாவது கூப்பிட வேண்டுமா என்று கேட்டா. நான், நெக்ஸ்ட் டைம் ட்ரவுசர் என்றேன். திரை கறுத்தது.

குகன் ஃபோன் எடுத்தான். ஆரோ என்னை வெருட்டிக் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள் என்று நான் வாக்குமூலம் கொடுத்திருக்கிறேனாம். டுரெஸ் என்றால் கட்டாயப்படுத்துவது. றெஜினா கதிரையில் இருந்தபடியே சிரிக்கத் தொடங்கினாள். "நான் உங்களை வெருட்டினனான் எண்டு இனி அமெரிக்காவிலை பதிவு இருக்கு. பதினெட்டு வருசத்திலை இண்டைக்குத்தான் உண்மையை ஒத்துக்கொண்டியள்." சிரித்துக்கொண்டே இருந்தவள் சீலைத் தலைப்பால் முகத்தைப் பொத்தினாள். பிறகு சிரிப்புச் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அவளுக்கு நேசனை ஃபோனில்தான் தெரியும். நான் எழும்பிப் போய் யன்னலைத் திறந்தேன். கத்தரிக்காய்க்காரன் விலையைக் குறைத்துவிட்டான் என்று கேட்டது. வாங்கட்டோ என்று றெஜினாவைக் கேட்க வாயெடுத்து நிறுத்தினேன்.

எட்டாம் வகுப்போடு நின்றது எப்படியென்று அன்றைக்கு நினைத்தேன். இடம்பெயர்ந்து காட்டோரம் தறப்பாளுக்குள் இருந்த காலம். பிறகு ஊருக்குத் திரும்பி, பள்ளிக்கூடம் திறந்தபோது, பெயர் பதிய வரிசையில் நிற்க வேண்டும் என்றார்கள். நேசன் எட்டு வயதுப் பொடியன், போய் நின்றான். எனக்கு, பழைய ரிப்போர்ட் இல்லையே, கேட்டால் என்ன சொல்வது என்று பயம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, கடைசியில் கடலுக்குப் போனேன். அந்த வரிசையில் ரிப்போர்ட் ஒருவரிடமும் கேட்கவில்லையாம். நேசன்தான் வந்து சொன்னான். அப்போது நான் வலை பிரித்துக்கொண்டு இருந்தேன்.

இரண்டாம் தரம் அடுத்த நாளைக்கு எழுதித் தந்தார்கள். சத்தம் இல்லாத அறை வேண்டும், ஆள் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. சின்யோராவிடம் கேட்டேன். அவவுக்கு இப்போது எண்பத்திநாலு வயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நொத்தாயோ எத்தனை மணிக்கு வருகிறார்? கோப்பி போட வேண்டுமே?" என்றா. வரமாட்டா, கம்ப்யூட்டருக்குள் இருக்கிறா என்றேன். நாடி மேலே போனது. ட்ஸ். "மாரியோ, உன்னை யாரோ ஏமாற்றுகிறார்கள்." என் பெயர் மரியதாஸ், அவவுக்கு என்றைக்கும் மாரியோதான். அயர்ன் பண்ணும் அறையைத் தந்தா. சாப்பாட்டறையில் காத்திருக்கிறேன் என்று சொல்லி, கதிரையைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ட்ரவுசரும் சப்பாத்தும் போட்டு, அயர்ன் மேசையில் கம்ப்யூட்டரை வைத்து, கழுத்தை விறைப்பாக்கிக்கொண்டு இருந்தேன்.

அதே அம்மா. குகன் நேற்று எழுதி அனுப்பின விளக்கம் அவவுக்குக் கிடைத்திருந்தது. சிரிக்கவில்லை, ஆனால் முகம் இளகியிருந்தது. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னா. காட்டினேன். மடித்த படுக்கைவிரிப்புகள், அயர்ன் பெட்டி, சுவரில் ஒரு மாதா படம். எல்லாக் கேள்விக்கும் யெஸ் என்றும் நோ என்றும் வாயால் சொன்னேன். டுரெஸ் என்று கேட்டபோது நோ என்றேன். பிறகு அவ படிவத்தை ஒவ்வொரு பக்கமாக இறக்கிப் பார்த்தா. மூன்றாம் பக்கத்தில் நின்றா. இங்கே ஒரு இடம் வெறுமையாக இருக்கிறது, வெறுமை இருந்தால் நான் முத்திரை போட ஏலாது என்றா.

எனக்குத் தெரியும். வேண்டுமென்றுதான் விட்டிருந்தேன். சாம்பல் போய்ச் சேர வேண்டிய இடம் என்று எழுதியிருந்த கோடு அது. இரண்டு கிழமையாகப் படிவம் என் கையில் இருந்தது, அந்தக் கோட்டில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. பேசாலை என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அங்கே யார் வாங்குவது, வாசிகசாலைக்காரரின் விலாசம் போடலாமோ, கோயில் விலாசமோ, சுங்கத்தில் மறித்தால் என்ன செய்வது என்று தள்ளித் தள்ளி வைத்திருந்தேன்.

"வட் ஐ ரைட்?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அதை நான் சொல்லக் கூடாது சேர். நீங்கள்தான் எழுத வேண்டும். அவசரமில்லை."

அவ காத்திருந்தா. அவவின் குசினியில் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம். இங்கே கதவுக்கு வெளியில் சின்யோரா செபமாலை உருட்டுகிற சத்தம். விரலை விசைகளில் வைத்தேன். விரல் எழுதியது. குவெஸ்தூராவிலும், ஆஸ்பத்திரியிலும், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும், காஸ் கொம்பனியிலும் இருபது வருடமாக எழுதியெழுதி, நான் யோசிக்காமலே கை எழுதிவிடுகிற அந்த ஒரேயொரு விலாசத்தை எழுதியது. போர்கோ வெக்கியோ வீதி, வீட்டு இலக்கம், 90139, பலேர்மோ. அந்த அம்மா, சரியா என்றா. யெஸ் என்றேன். கையொப்பத்தைக் கம்ப்யூட்டர் எலியால் இழுத்து வைத்தேன். நண்டு ஊர்ந்த மாதிரி இருந்தது. அவ தன் முத்திரையைப் போட்டா. இனி ஒரு எழுத்தை மாற்றினாலும் பேப்பர் காட்டிக் கொடுத்துவிடும், மாற்றவே ஏலாது என்றா. அப்போதுதான் நான் எழுதினதை வாசித்தேன்.

வெளியே வந்தேன். சின்யோரா, "முடிந்ததா? ஒன்றுமே வாசிக்கவில்லையே!" என்றா. வாசிக்க மாட்டார்கள் என்றேன். "வாசிக்காத நொத்தாயோ எதற்கு?" என்றவ, என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனா. கோப்பி போட்டுத் தந்தா. அந்த வீட்டில் எனக்கு அவ கோப்பி போட்டது அதுதான் முதல் தரம். குடித்துவிட்டு மிச்சப் படுக்கைவிரிப்புகளை அயர்ன் பண்ணினேன்.

வீட்டுக்கு வந்து றெஜினாவிடம் சொன்னேன். பிழையாக எழுதிப்போட்டேன், அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, இங்கே எழுதிப்போட்டேன், இனி மாற்ற ஏலாது. அவள் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தாள், கையை நிறுத்தவில்லை.

"நீங்கள் இஞ்சை எண்டால் அவன் இஞ்சைதானே வரவேணும். அங்கை ஆர் இருக்கினம் அவனுக்குக் கதவு திறக்க? ஊருக்குக் கொண்டுபோற நேரம் கையிலை கொண்டுபோவம்."

சாம்பல் நாடு தாண்டுவதற்கு இன்னும் பேப்பர் இருந்தது. மரணப் பத்திரத்துக்கு அப்போஸ்தில் வேண்டும் என்று குகன் சொன்னான். எனக்கு அப்போஸ்தலர் என்று கேட்டது. எங்கள் சமயத்து விஷயம் என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய ஃபாதரிடம் போய், தம்பியின் பேப்பருக்கு அப்போஸ்தலர் முத்திரை உங்களிடம் கிடைக்குமோ என்று கேட்டேன். அவர் எந்த அப்போஸ்தலர் என்று கேட்டார். தெரியாது, அமெரிக்காவில் ஏற்றுக்கொள்கிற ஒருவர் என்றேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது அரசாங்க முத்திரையாம். எந்த மாநிலத்தில் பேப்பர் பிறந்ததோ அந்த மாநிலமே வெளிநாட்டுக்கு, இது எங்கள் பிள்ளைதான் என்று சொல்லிக் குத்துவது. மரணப் பத்திரம் பிறந்தது ஒஹையோ, ஆகவே ஒஹையோ குத்த வேண்டும். நான் கையொப்பம் வைத்த பேப்பருக்குத் தேவைப்பட்டால் விர்ஜினியாதான் குத்தும். எனக்குத் தேவைப்பட்டால் யார் குத்துவார்களோ தெரியாது.

அந்தப் பேப்பரை அச்செடுத்து பெர்மெஸ்ஸோ வைக்கும் கோப்பில் வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் முத்திரைக்கு மேலே இரண்டு வரி இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற என் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். விர்ஜினியா மாநிலம் என்று தலைப்பு. அதன் கீழே, சந்தியாப்பிள்ளை மரியதாஸ் என்பவர் இன்ன திகதியில் என் முன்னிலையில் தோன்றினார் என்று இருக்கிறதாம். தொடர்புக் கருவி வழியாக என்றும் சின்ன எழுத்தில் ஒரு சொல் இருக்கிறது. திரும்ப வாசி என்றேன். தோன்றினார் என்றுதான் இருக்கிறது. இரண்டு தரம் கப்பலில் போயும் கிடைக்காதது.

தம்பியை எரித்துவிட்டார்கள். குகன் நின்று பார்த்து, எங்கள் செபத்தை ஃபோனில் தேடி எடுத்து, சைவக்காரன் வாயால் வாசித்தானாம். பெட்டி அனுப்பியாகிவிட்டது, உறையின் மேலே முதலில் செத்தவரின் பெயர், பிறகுதான் உங்கள் பெயர் இருக்கும் என்று நேற்றுச் சொன்னான். அதைக் கேட்டதில் இருந்து எனக்கு நிம்மதி இல்லை. பார்சல்காரன் கீழே வந்து முதல் பெயரைப் பார்ப்பான். வாசலில் அழைப்புமணிகளுக்கு நேரே பெயர் எழுதின பலகையில் அந்தப் பெயர் இல்லையென்றால், நாடியைத் தூக்கி 'ட்ஸ்' என்றுவிட்டுத் திருப்பிக் கொண்டுபோய்விடுவான்.

இன்று காலை வேலைக்குப் போகுமுன் வாசல் மணிப் பலகைக்கு முன்னால் நின்றேன். எங்கள் மணிக்கு நேரே சந்தியா என்று மட்டும் இருக்கிறது. முழுப் பெயருக்கு அந்தச் சட்டத்துக்குள் இடம் காணாமல் வந்த வருடமே வெட்டினது. அந்தத் துண்டை இழுத்தெடுத்து, கொப்பித் தாளில் புதுத் துண்டு வெட்டி, சின்ன எழுத்தில் இரண்டு வரியாக எழுதினேன். மேலே நேசன். கீழே மரியதாஸ். உள்ளே தள்ளி, பிளாஸ்டிக்கை மூடினேன். கீழ்வீட்டுக்காரி சந்தைப் பையோடு வந்தவ குனிந்து பார்த்து, "புது ஆள் வந்திருக்கிறாரா?" என்று கேட்டா.

தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவவுக்கு என்ன விளங்கியதோ, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டா.